தாரை விட்டு இறங்காத மாமா

நான் ஸ்கூட்டியில் ஹோர்ன் அடிப்பதில்லை. கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் இது ஒரு பழைய பகிடி. முன்னால் ஒரு சைக்கிள் வீதியோர வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, தாரிலேயே போய்க்கொண்டிருந்தால், விலத்திப் போக இடம் கிடைக்கும்வரை நானும் அதே வேகத்தில் பின்னால் ஊர்ந்து போவேன். எனக்குப் பின்னால் வரும் பஸ்காரன் எனக்கும் சேர்த்து அடிப்பான். அடிக்கட்டும். கேட்பவர்களுக்கு ஹோர்ன் பழுது என்று சொல்லிவைத்திருக்கிறேன். "மூண்டு வருசமாப் பழுதோ?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்பாள். ஓம் என்பேன்.

ஹோர்ன் நன்றாகத்தான் இருக்கிறது. அதை அழுத்தாமல் இருப்பதற்குக் காரணம் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சண்டை முடிந்து முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்டபோது மாமாவும் எங்களோடுதான் வந்தார். மாங்குளத்திலிருந்து மூன்று கட்டை தூரம் தெற்கே, பெரிய வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு எங்கள் வளவு. தறப்பாளும் தகரமும் கொண்டு எங்களுக்கு ஒரு கொட்டில் போட்டார்கள். அதன் பின்னால் மாமாவுக்கு இன்னொரு சின்னக் கொட்டில். அப்பா வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். ஆகவே வேலி கட்டுவது, தண்ணீர் அள்ளுவது, என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது எல்லாம் மாமாவின் தலையில் விழுந்தன.

மாமாவுக்கு ஒரு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். மகள் எனக்கு ஒரு வயது இளையவள். மாமியும் மச்சாளும் செல் விழுந்து செத்துப்போனார்கள் என்பது எனக்குச் சொல்லப்பட்ட கதை. அந்த வருடத்தில் எனக்குத் தெரிந்த பாதிப்பேர் அப்படித்தான் செத்துப்போயிருந்தார்கள். அதனால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சண்டைக்கு முந்திய காலத்தில் மாமாவின் சைக்கிள் பாரில் யார் இருப்பது என்பதில் எனக்கும் மச்சாளுக்கும் அடிபிடி நடக்கும். எப்போதும் அவள்தான் வெல்வாள். இப்போது போட்டிக்கு ஆள் இல்லை. ஆனாலும் மாமா என்னைப் பாரில் ஏற்றாமல் பின் கரியரில்தான் ஏற்றினார். எனக்கு அது மனவருத்தமாக இருந்தது. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு எதற்கெல்லாம் மனவருத்தம் வரும் என்று நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது.

மாங்குளத்தில் ஒரு மரக்காலையில் பலகை அரியும் வேலை மாமாவுக்கு. போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். அப்போதுதான் பெரிய வீதிக்குக் காப்பெற் தார் போட்டு முடித்திருந்தார்கள். அதற்கு முன் நாங்கள் கண்ட வீதியெல்லாம் கிடங்கும் கல்லும்தான். புது வீதியோ கன்னங்கரேல் என்று கிடந்தது. இரண்டு கரையிலும் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே நாலு விரல் பதிவில் சிவந்த கிரவல். கிரவலுக்கு அப்பால் பற்றைக்காடு. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ்கள் அந்த வீதியில் ஓடவில்லை, பறந்தன.

வீதி முறைப்படி, பின்னால் பெரிய வாகனம் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் கிரவலுக்கு இறங்கி வழி விடவேண்டும். எல்லோரும் விட்டார்கள். மாமா மட்டும் விட மாட்டார். வெள்ளைக் கோட்டின் மேல், நூல் பிடித்தது போல, உள்ளே ஒரு விரலோ வெளியே ஒரு விரலோ அசையாமல் போவார். ஹோர்ன் கேட்டதும் வலது கையைத் தூக்கி, "போங்கோ, போங்கோ" என்று பின்னால் வருபவர்களுக்குச் சைகை காட்டுவார். அந்தச் சைகையில் எவ்வளவோ பணிவு இருக்கும். ஆனால் சில்லு கோட்டைத் தாண்டாது. பஸ் எங்களை உரசுவது போல வந்து விலத்தும். நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "கொப்பற்ற றோட்டே இது?" என்று மாமாவின் தகப்பனை இழுத்துக் கத்துவார். மாமா தலையை ஆட்டுவார். ஓம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

மரியாதை தெரியாத ஆள் என்று மாமாவைச் சொல்ல முடியாது. சவ ஊர்வலம் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, போய் முடியும்வரை தலை குனிந்து நிற்பார். ரீச்சர்மாரைக் கண்டால் இறங்குவார். படுத்திருக்கும் நாய்க்குக்கூட மணி அடித்து, அது எழும்பிப் போகும்வரை பார்த்திருந்து போவார். இவ்வளவும் செய்கிற மனுசன் ஒரு பஸ்ஸுக்கு வழி விடாதது எனக்கு விளங்கவேயில்லை.

ஒருநாள் கேட்டேன். "ஏன் மாமா நீங்கள் கரைக்கு இறங்கிறேல்லை?"

"தாரில போனால்தான் சில்லு உருளும் பிள்ளை."

"மற்றவைக்கும் சில்லுத்தானே."

மாமா பெடலை அழுத்தி மிதித்தார்.

நான் ஒன்றும் தெரியாத பிள்ளை இல்லை. மிதிவெடி பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். ஊருக்கு வந்த முதல் வருடம் பள்ளிக்கூடத்தில் அதுதான் பாடம். பற்றைக்குள் சிவப்புப் பலகை இருக்கும், அதில் மண்டையோடு கீறியிருக்கும், அந்தப் பக்கம் போகக் கூடாது. நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகக் கூடாது. தவறிப் போய்விட்டால் அசையாமல் நின்று சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்; வேறு வழியே இல்லை என்றால் வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும். இதை நாங்கள் பாட்டாகவே பாடுவோம். அடுத்த வருடம் வெடி எடுக்கிற ஆட்கள் வந்து வீதிக் கரை முழுவதையும் துப்புரவாக்கி, பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு வந்த பாடம் வீதி ஒழுங்கு. இடது பக்கத்தால் போ, ஒருவர் பின் ஒருவராகப் போ, கையைக் காட்டித் திரும்பு, பெரிய வாகனம் வந்தால் கரைக்கு இறங்கி வழி விடு. முதல் வருடம் வீதியை விட்டு இறங்காதே என்று படிப்பித்த அதே ரீச்சர்தான் மறுவருடம் வீதியை விட்டு இறங்கு என்று படிப்பித்தார். எங்களுக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. பழைய பாடத்தை அழித்துவிட்டுப் புதிய பாடத்தை எழுதிக்கொண்டோம். சோதனையில் இரண்டுக்கும் எனக்கு நல்ல புள்ளி.

அந்த வருடக் கடைசியில்தான் சைக்கிள் கதை வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போகிற, இரண்டு கட்டைக்கு மேல் தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு நிறுவனம் புதுச் சைக்கிள் கொடுக்கப் போவதாக அதிபர் காலைக் கூட்டத்தில் சொன்னார். பதினான்கு பேரின் பெயரை வாசித்தார். பத்தாவது பெயர் என்னுடையது. அடுத்த கிழமையே சைக்கிள்கள் வந்து இறங்கின. வேப்பமரத்துக்குக் கீழே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கைபிடியில் சுற்றிய பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை. முன்னால் கூடை வைத்த பச்சைச் சைக்கிள் ஒன்று, கரையிலிருந்து மூன்றாவது. அது என்னுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பிள்ளைகளை வீதியில் தனியே விடுவதற்கு முன் வீட்டுக்காரருக்கும் வீதி ஒழுங்கு தெரிய வேண்டுமாம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பெரிய ஆளோடு வரவேண்டும். அந்தப் பெரிய ஆள் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீதியில் ஓடிக் காட்டவேண்டும். பின்னால் பொலிஸ் ஜீப் வந்து ஹோர்ன் அடிக்கும். கையைக் காட்டி, கிரவலுக்கு இறங்கி, காலை ஊன்றி நின்று, ஜீப் போனதும் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறவேண்டும். போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரி பார்த்து, சரி என்று பேப்பரில் கையெழுத்து வைத்தால்தான் சைக்கிள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. மிச்சம் இருந்தது மாமா.

அந்தக் கிழமை முழுக்க நான் மாமாவைப் படிப்பித்தேன். குசினியிலிருந்து சாம்பல் அள்ளிவந்து வளவில் நீளமாக ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் தார், அந்தப் பக்கம் கிரவல். நான் பின்னால் ஓடிவந்து வாயால் ஹோர்ன் அடிப்பேன். மாமா கையைக் காட்டுவார், கோட்டைத் தாண்டுவார், காலை ஊன்றுவார், என்னைப் போகவிடுவார், திரும்பிப் பார்ப்பார், ஏறுவார். ஒரு பிழை இல்லை. வளவில் மாமா முதலாம் பிள்ளை.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவனைப் போட்டு ஆக்கினைப்படுத்தாத" என்றார். "நான் வேணுமெண்டால் அதிபரிட்டைக் கதைச்சுப் பாக்கிறன்."

"வேண்டாம் அக்கா. நான் செய்வன்" என்றார் மாமா.

பிறகு என்னைப் பார்த்து, "பச்சைச் சைக்கிள்தானே பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சோதனை நாளுக்கு முதல் இரவு மழை பெய்திருந்தது. காலையில் தார் கழுவிவிட்டது போல இருந்தது. கிரவல் ஊறிப் பதமாகக் கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் மதிலோரம் நின்றார்கள். தாய்மாரும் தகப்பன்மாரும் இன்னொரு பக்கம். பொலிஸ் அதிகாரி தெற்கிலிருந்து வந்த சிங்களவர், கொஞ்சம் வயதானவர், தடித்த மீசை. தமிழ் அரைகுறை. ஆனால் நல்ல மனிதர். ஓடி முடித்த பிள்ளைகளின் கையில் ஒளிபட்டால் மினுங்குகிற சிவப்பு ஒட்டி ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் ஓடி முடித்தார்கள். ஒன்பது பேரும் சரி. எல்லோரும் கைதட்டினோம்.

பத்தாவதாக மாமா. நான் கரியரில் ஏறிக்கொண்டேன். மாமா அன்றைக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஜீப் வந்தது. ஹோர்ன் அடித்தது. மாமா கையைக் காட்டினார், நான் சொல்லிக்கொடுத்தபடியே. வேகத்தைக் குறைத்தார். வெள்ளைக் கோட்டுக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

வலது கால் தாரில். இடது கால் பெடலில். முன் சில்லு கோட்டின் மேல்.

"இறங்குங்கோ மாமா" என்று பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னேன்.

ஜீப் நின்று திரும்பவும் அடித்தது. மாமாவின் முதுகில் சேர்ட் நனைந்து ஒட்டுவதைப் பார்த்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. மதிலோரத்தில் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ரீச்சர் கிட்டே வந்து, "ஐயா, ஒருக்கால் இறங்கிக் காட்டுங்கோவன். பிள்ளையல் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றார். மாமா கையைத் தூக்கி, பஸ்காரருக்குக் காட்டுவது போலவே, "போங்கோ, போங்கோ" என்று ஜீப்புக்குச் சைகை காட்டினார். சிரிப்பு இன்னும் கூடியது. அதிகாரி பேப்பரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"என்ன பிரச்சினை? ஏன் கீழ போறதில்ல?"

மாமா கிரவலைப் பார்த்தார். எனக்கு வேப்பமரத்துக்குக் கீழே நின்ற பச்சைச் சைக்கிள் கண்ணுக்கு முன் வந்தது. பதின்மூன்று பேர் சைக்கிளில் வீட்டுக்குப் போக, நான் மட்டும் இந்த மனுசனின் கரியரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் போகப் போகிறேன் என்று நினைத்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"மாமாவுக்குப் பயம் சேர்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, "ஓம் சேர். பயம்தான்" என்றார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. கரியரிலிருந்து குதித்து இறங்கி, கோட்டைத் தாண்டிக் கிரவலுக்கு ஓடினேன். நாலு அடி போய் நின்று துள்ளினேன்.

"பாருங்கோ மாமா. ஒண்டும் இல்லை. போர்டெல்லாம் கழட்டியாச்சு."

சைக்கிள் தாரில் விழுந்த சத்தம் கேட்டது. மாமா அதைக் கைவிட்டிருந்தார். அவர் கத்தவில்லை. நான் முன்பும் பின்பும் கேட்டிராத ஒரு குரலில், மிகவும் தணிந்து, "துள்ளாத பிள்ளை. அசையாத. அப்பிடியே நில்லு" என்றார்.

நான் நின்றேன். அந்தக் குரலுக்கு யாரும் நின்றிருப்பார்கள்.

மாமா குனிந்து கிரவலைப் பார்த்தார். ஈர மண்ணில் என் சப்பாத்துத் தடம் நாலும் அச்சாகப் பதிந்திருந்தன. செருப்பைக் கழற்றித் தாரிலேயே விட்டுவிட்டு, முதலாவது தடத்தில் காலை வைத்தார். அது சின்னத் தடம். அவருடைய பாதம் கொள்ளவில்லை. குதியைத் தூக்கி, விரல்களை மட்டும் அதற்குள் ஊன்றினார். பிறகு இரண்டாவது. மூன்றாவது. கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, வரம்பில் நடப்பது போல வந்தார். நாலாவது தடத்துக்கு வந்து என்னைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். அங்கேயே திரும்பினார். அதே நாலு தடத்தில் திரும்பிப் போனார். என்னைத் தாரில் இறக்கி வைத்த பிறகும் என் தோள்மூட்டை விடவில்லை.

பிள்ளைகள் இதை ஒரு வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டார்கள். பழைய பாடத்தைப் புதிய பாடத்துக்குள் கொண்டுவந்து செய்து காட்டுகிற பெரியவரைக் கண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. நானும் சிரித்தேன். அழுகை வந்தால் வெட்கம், ஆகவே சிரித்தேன். மற்றப் பக்கத்தில் நின்ற தாய்மாரும் தகப்பன்மாரும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது. ஒரு தாய் தன் மகனின் வாயைப் பொத்தினார்.

அதிகாரியும் சிரிக்கவில்லை. மாமாவின் கால்களை, அந்த ஈரமண் ஒட்டிய விரல்களை, சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பேப்பரை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஹரி, ஹரி. போங்க" என்றார், சரி என்பதைத் தன் மொழியில். விழுந்து கிடந்த சைக்கிளை அவரே தூக்கி நிமிர்த்திக் கொடுத்தார். என் கையில் ஒரு சிவப்பு ஒட்டியும் வைத்தார். மாமா எப்படியோ கிரவலில் இறங்கிவிட்டார், ஆகவே சரி என்று போட்டுவிட்டார்கள் என்று நான் கணக்குப் பண்ணிக்கொண்டேன்.

அடுத்த கிழமை பச்சைச் சைக்கிள் எனக்கே கிடைத்தது. அடுத்த பள்ளித் தவணை தொடங்கியதும் நான் அதில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். வீதி ஒழுங்கில் என்னை யாரும் பிழை பிடிக்க முடியாது. எவ்வளவு தூரத்தில் ஹோர்ன் கேட்டாலும் டக்கென்று கிரவலுக்கு இறங்கி, காலை ஊன்றி நின்று, பஸ்ஸைப் போகவிட்டு, திரும்பிப் பார்த்து ஏறுவேன். சில சாரதிமார் கையசைத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

எனக்குப் பின்னால், ஒரு இருபது யார் தூரம் தள்ளி, மாமா வருவார். தாரில்தான். நான் ஒவ்வொரு முறை கிரவலுக்கு இறங்கும்போதும் அவருடைய சைக்கிள் பிறேக் கிறீச்சிடுவது கேட்கும். நான் ஏறும்வரை அவரும் வீதியிலேயே நிற்பார். பின்னால் வருகிற வாகனமெல்லாம் அவரைத் திட்டும். கூட வருகிற பிள்ளைகள், "உன்ர பொலிஸ் வருது" என்று என்னைப் பகிடி பண்ணினார்கள். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அம்மாவிடம், மாமா பின்னால் வந்தால் நான் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் முதல் மாமா அரை மணித்தியாலம் முந்தியே வேலைக்குப் போகத் தொடங்கினார். எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் மாமாவை ஒரு பயந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டே நானும் இருந்திருப்பேன். நாலு வருடங்களுக்கு முன் லைசென்ஸ் எடுப்பதற்காக வீதி ஒழுங்குப் புத்தகத்தைக் குசினியில் கதிரையைப் போட்டு இருந்து பாடமாக்கிக்கொண்டிருந்தேன். சத்தமாக வாசித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். பின்னால் வரும் வாகனம் ஒலி எழுப்பினால் இடதுபுறம் ஒதுங்கி வழி விடவேண்டும் என்ற பகுதிக்கு வந்தபோது அம்மா அடுப்புக்கு முன்னாலிருந்து எழுந்தார்.

"அதை மெதுவா வாசி. அவன் வெளியில நிக்கிறான்."

"ஏனம்மா?"

அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். சொல்லும்போது கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

மாமியும் மச்சாளும் செல் விழுந்து சாகவில்லை. கடைசி இடப்பெயர்வில் எல்லாச் சனமும் கிழக்கே போய்க்கொண்டிருந்தபோது, ஒடுங்கிய ஒரு வீதியில் மாமா மூட்டைகள் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். மாமி மற்றச் சைக்கிளில் மச்சாளை இருத்தி உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவர்களுக்கும் பின்னால் ஓர் உழவு மெசின், பின்னால் கொழுவிய பெட்டி நிறையக் காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. போக இடமில்லை. சாரதி விடாமல் ஹோர்ன் அடித்தான். சனம் நகரவில்லை. மாமா திரும்பிப் பார்த்தார். பெட்டியில் கிடந்தவர்களைக் கண்டிருப்பார். மாமியைப் பார்த்து, "காயக்காரர் போகட்டும், கரைக்கு இறக்கி வழி விடு" என்றார். தன்னுடைய சைக்கிளில் பாரம் கூடுதல், இறக்கினால் திரும்ப ஏற்ற முடியாது. அதனால் அவர் வீதியிலேயே நின்றார். மாமி சொன்னபடி இறக்கினார்.

வெடித்த பிறகு அந்த மெசின்தான் நின்றது. அவர்களையும் அதில்தான் ஏற்றினார்களாம். ஏற்றியும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று சாரதிக்கும் தெரிந்திருந்தது. அந்த மிதிவெடியை யார் புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாமா அதை ஒருநாளும் கேட்கவில்லை என்றார் அம்மா. அவர் கேட்டது வேறு. "நான் ஏன் அக்கா வாயைத் திறந்தனான்" என்பதுதானாம். முகாமில் ஒவ்வொரு நாளும் கேட்டாராம். பிறகு அதையும் விட்டுவிட்டாராம்.

"எனக்கேன் செல் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ மண்ணில விளையாடுற வயசு. நிலத்துக்குப் பயந்துகொண்டு எப்பிடி நீ வளருறது? அவன்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவன்."

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். யன்னலால் பார்த்தபோது மாமா வளவில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாரில் இன்றைக்கும் யாரையும் ஏற்றுவதில்லை. போய் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பயம் சேர் என்று ஊர் கேட்கக் கத்திய வாய், அப்போது ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாய் இருக்குது பிள்ளை" என்றார். சீனி போட மறந்திருந்தேன்.

அன்றிலிருந்து அந்தச் சோதனை நாளை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டேன். எனக்கு அதிகம் வலிப்பது கிரவலில் துள்ளியது இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த வழிதான்.

அன்று பத்து மணி போல எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் கரியரில், கையில் சிவப்பு ஒட்டியோடு இருந்தேன். மாமா மிதித்தார். பாதி வழியில் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. எதிரே ஒரு லொறி வந்துகொண்டிருந்ததால் அதற்கு விலத்த இடமில்லை, விடாமல் அடித்தது. மாமா இம்முறை கையைக் காட்டவில்லை. வெள்ளைக் கோட்டின் மேல் சைக்கிளை நிறுத்தி, ஸ்ராண்டைத் தட்டிவிட்டார். என்னை இறக்கி, தாரில், தனக்கு வலது பக்கத்தில் நிறுத்தினார். தான் கோட்டின் ஓரத்தில், கிரவலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, எனக்கும் கிரவலுக்கும் நடுவில் நின்றார். இரண்டு கையாலும் என்னைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். பஸ் என் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அதன் காற்றில் என் சட்டை பறந்தது. மாமா பஸ்ஸைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கிரவலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, மாறி நில்லுங்கோ" என்றேன். "பஸ் இந்தப் பக்கத்தாலதான் வரும்."

"ஓம் பிள்ளை" என்றார். ஆனால் மாறி நிற்கவில்லை.

ஆபத்து எந்தப் பக்கத்தால் வரும் என்றுகூட இந்த மனுசனுக்குத் தெரியவில்லையே என்று நான் நினைத்தேன்.